பாவ அறிக்கையும் சாட்சியமும்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்னை நோக்கிச் செல்வோர், மரக்காணத்தை நெருங்கும்போது சாலையோரம் வெள்ளை வெளேரென உப்புக் குவியல்களைக் காண்பர். மழைக்கு அஞ்சிக் கீற்று வேய்ந்து மூடிய குவியல்கள், நீர் தேங்கிய பாத்திகள், அவற்றுக்கு அப்பால் கழுவெளி, கடல் என விரியும் அக்காட்சி பயணிகளின் கண்ணுக்கு இனியது. 3,000 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் அந்த உப்பளங்களில், ஆண்டின் தொடக்கத்திலிருந்து மழை இறங்கும்வரை ஏறத்தாழ எட்டு மாதங்கள் வேலை நடக்கும். விடியுமுன் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டிய வேலை. பாத்தியில் வாரி ஒதுக்கிய உப்பைக் கூடையில் அள்ளி, சும்மாட்டின்மேல் ஏற்றி, வழுக்கும் வரப்பின்மீது நடந்து மேட்டில் கொட்டுவதில் பெண்களின் பங்கு பெரிது. கூடையிலிருந்து வடியும் உவர்நீர் கழுத்தில் இறங்கும். காலில் புண் வந்தால் எளிதில் ஆறாது. வெண்மையின் கூச்சம் கண்ணை வருத்தும். இவையெல்லாம் அப்பக்கத்தார் யாவரும் அறிந்தவை. நாம் இங்கே பேச விழைவது, அப்பெண்கள் தம்மைப் பற்றித் தாமே வாய் திறந்து பேசும்போது என்ன நிகழ்கிறது என்பதைப் பற்றியே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தவக்காலத்தில், அக்கடற்கரையில் உள்ள ஒரு சிற்றூர்க் கோயிலின் பந்தலில் பெண்கள் சிலர் கூடியிருந்தனர். ஊர் எது என்பதை நாம் எழுதப்போவதில்லை. அதன் காரணம் பின்னர் விளங்கும். மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தை நாம் வாசித்தோம். பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கினால் வருந்திய பெண், கூட்டத்தினூடே வந்து ஆண்டவரின் ஆடையைத் தொட்ட நிகழ்ச்சி அது. வாசித்து முடித்து, "உங்களில் யாராவது பேச விரும்பினால் பேசலாம்" என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு, வழக்கம்போல ஒருவரும் பேசமாட்டார் என்றே எண்ணியிருந்தோம்.

ஐம்பது வயதை ஒட்டிய ஓர் அம்மாள் எழுந்தார். "நெறமாசமா இருந்தப்பகூட கூட தூக்குனேன் டீச்சர். வரப்புல சறுக்கி வுழுந்துட்டேன். புள்ள தங்கல. எல்லாம் நான் பண்ண பாவம்" என்றார். முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்தது அது. ஒவ்வொரு தவக்காலமும் ஒப்புரவு அருளடையாளத்தில் அதை அறிக்கையிட்டு வந்ததாகவும் சொன்னார். ஒரு குருவானவர், "இது பாவம் அல்லவே, அம்மா" என்று கூறியும் இருக்கிறார். ஆனாலும் அடுத்த ஆண்டும் அதையே சொல்லாமல் இருக்க அவரால் இயலவில்லை.

ஆறுதலாக ஏதேனும் சொல்லவேண்டுமே என்று நாம் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "அன்னிக்கி உனக்கு எவ்ளோ கூலி போட்டாங்க?"

"அரை நாளு."

"எனக்கும் அரை நாள்தான் போட்டாங்க."

பந்தலில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு அனைவரும் ஒருமிக்கப் பேசத் தொடங்கினர். யாருக்கு எந்த மாதம், எந்தப் பாத்தி, எந்த மேஸ்திரி, எவ்வளவு கூலி என்று கணக்கு நீண்டது. முப்பது ஆண்டுகளாகப் பாவமாக இருந்த ஒன்று, ஒரே ஒரு கேள்வியால் கணக்காக மாறியதை நாம் கண்ணாரக் கண்டோம். அந்தக் கேள்வியைக் கேட்டவர் நாம் அல்லர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நமக்கு அது தோன்றவே இல்லை.

தன் கதையைத் தானே சொல்லுதல் ஒரு பெண்ணை எங்கே கொண்டு சேர்க்கிறது? அழுது தீர்த்த ஆறுதலிலா, அன்றி உரிமை கேட்கும் துணிவிலா? கேட்டவர்களாகிய நாம் அதற்குப் பின் எதற்குக் கடமைப்பட்டவர்கள்? பெண்ணியம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் பங்குகளில் முகம் சுளிப்போர் உண்டு. அது மேல்நாட்டுச் சரக்கு, படித்த நகரத்துப் பெண்களின் பொழுதுபோக்கு என்பர். பந்தலில் எழுந்த அந்தக் கேள்வி எந்த நாட்டுச் சரக்கு என்று அவர்களே சொல்லட்டும்.

நம் மக்களிடையே, சிறப்பாக எழுதப் படிக்க அறியாத பெண்களிடையே, "நான்" என்று தொடங்கித் தன் வாழ்வைச் சொல்வதற்கு எத்தனை இடங்கள் இருந்தன என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். மிகச் சிலவே. ஒன்று, ஒப்புரவுத் தொட்டி. மற்றொன்று, இழவு வீடு. ஒப்பாரி பாடும் பெண் மாண்டவரை முன்னிட்டுத் தன் பிறந்தகத்தையும், புகுந்தகத்தில் பட்டதையும், அண்ணன் தம்பி கைவிட்டதையும் பாட்டிலே சேர்த்துக்கொள்வாள். கேட்போர் தடுக்கமாட்டார்கள். அவளுடைய துயரத்துக்கு அங்கே அனுமதி உண்டு; ஆனால் அந்த அனுமதிக்கு ஒரு பிணம் வேண்டியிருக்கிறது. இலக்கியத்திலும் நிலைமை பெரிதும் வேறன்று. மரக்காணமே பழைய எயிற்பட்டினம் என்று அறிஞர் சிலர் கருதுவர். சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்து உப்பு வாணிகம் பலமுறை பேசப்படுகிறது. அகநானூற்றில் உப்பு விற்க வந்த உமணர் மகளைக் கண்ட தலைவன் மயங்கி, அவள் விலை கூவுவதையும், வீட்டு நாய் குரைப்பதையும், அவள் கண் மிரள்வதையும் தோழனிடம் உரைக்கிறான். அழகான பாட்டுத்தான். அவள் எவ்வளவு தூரம் நடந்து வந்தாள் என்று கேட்கத்தான் அவனுக்கு நேரமில்லை.

ஒப்பாரிக் குரல் ஒன்று நூலாக மாறிய வரலாறும் இவ்வட்டாரத்திற்கு அருகிலேயே உண்டு. புதுச்சேரிக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூரில் வாழ்ந்த வீரம்மா என்ற தலித் பெண், வயல் கூலி, ஊருக்கு மருத்துவச்சி, ஒப்பாரியிலும் தேர்ந்தவர். இசை ஆய்வுக்காகப் பாட்டுகளைப் பதிவு செய்யச் சென்ற ழோசியான் ரசீன் என்பாரிடம் பாட்டோடு தம் வாழ்க்கையையும் ஆண்டுக்கணக்கில் சொல்லி வந்தார் வீரம்மா. அப்பேச்சு 1995இல் பிரெஞ்சு மொழியிலும், 1997இல் ஆங்கிலத்திலும் நூலாயிற்று. பிரெஞ்சுப் பதிப்பின் துணைத்தலைப்பு, அடிமைப்பட்டோரின் சிரிப்பு என்று பொருள்படும். பெற்ற பிள்ளைகளில் பெரும்பாலோரை மண்ணுக்குக் கொடுத்த ஒரு பெண்ணின் கதைக்கு அந்தத் துணைத்தலைப்பு ஏற்றதா என்று நூலைத் திறக்குமுன் ஐயம் எழலாம். அவர் பேச்சில் கேலியும் குறும்பும் குறைவின்றி உண்டு. தம்மை இரங்கத்தக்கவராக மட்டும் காட்டிக்கொள்ள அவர் இசையவில்லை. உரிமை இயக்கங்களில் நம்பிக்கை கொண்ட மகனோடு அவருக்குக் கருத்து வேறுபாடும் இருந்தது. ஆகவே, கதை சொன்ன மாத்திரத்தில் எல்லாரும் போராளி ஆகிவிடுவர் என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. வீரம்மா ஆகவில்லை. அவர் கதையும் அதனால் குறைந்துபோகவில்லை.

பந்தலுக்கே திரும்புவோம். அங்கே பேசிய அம்மாள் தாம் பட்ட துன்பத்தைச் செய்த பாவத்தின் மொழியில் சொன்னார். வேறு மொழி அவருக்குக் கொடுக்கப்படவில்லை. ஒப்புரவு அருளடையாளத்தை நாம் குறைகூற வரவில்லை. அது பாவத்திற்கு ஆண்டவர் தந்த மருந்து. ஆனால் காயத்திற்கும் அந்த ஒரே மருந்தை நாடி ஒரு பெண் முப்பது ஆண்டுகள் வருவாளாயின், நோயை அறிவதில் எங்கோ பிழை நேர்ந்திருக்கிறது. பாவ அறிக்கையில், சொல்பவரே குற்றவாளி. சாட்சியத்தில், சொல்பவர் கண்டதையும் பட்டதையும் எடுத்துரைக்கிறார். குற்றம் யாருடையது என்பது அதன் பிறகே ஆராயப்படும். இரண்டும் "நான்" என்றுதான் தொடங்குகின்றன. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருப்பதால் இவ்வளவு எளிதாக மாறிப்போகின்றன.

நம் திருச்சபை இவ்வேறுபாட்டை அறியாதது அன்று. நம் பாட்டன்மார் இரத்தம் சிந்தியவர்களை 'வேதசாட்சி' என்றனர். கிரேக்கத்திலும் அச்சொல்லுக்குச் சாட்சி என்பதே பொருள். புனித அகுஸ்தினார் நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எழுதத் தொடங்கிய தன்வரலாற்றுக்கு இட்ட இலத்தீன் தலைப்பு, பாவத்தை அறிக்கையிடுதல், இறைவனைப் புகழ்ந்து அறிக்கையிடுதல் ஆகிய இரண்டையும் குறிக்கும். ஆனால் அவர் ஆண், ஆயர், நாவன்மை மிக்கவர். தம் கதையைச் சொல்ல அவர் எவரிடமும் விடைபெற வேண்டியிருக்கவில்லை. பெண் புனிதர்களுடைய கதை வேறு. அவிலா நகர்ப் புனித தெரேசா தம் ஆன்ம குருக்களின் கட்டளைக்கு இணங்கியே தம் வாழ்வை எழுதினார். அந்தக் கைப்படி பல ஆண்டுகள் சமய விசாரணை மன்றத்தின் கையில் கிடந்தது. அதே தெரேசாவைத் திருச்சபை 1970இல் மறைவல்லுநர் என அறிவித்தது. லிசியே நகர்ப் புனித தெரேசாவும் 1895இல் மடத்துத் தலைவியின் கட்டளைப்படியே எழுதத் தொடங்கினார். அவர் இறந்த மறு ஆண்டு, 1898இல், வெளிவந்த நூல் அவர் எழுதியவாறே வரவில்லை; உடன்பிறந்த சகோதரியாரே பல இடங்களில் திருத்தி அமைத்திருந்தார். கைப்படிகள் உள்ளவாறே வெளிவர 1956 வரை காத்திருக்க நேர்ந்தது. திருத்தியவர் அன்பினால்தான் திருத்தினார் என்பதில் ஐயமில்லை. அன்பினால் திருத்துவோரிடமிருந்து ஒரு கதையைக் காப்பது பகைவரிடமிருந்து காப்பதைவிடக் கடினம்.

இனி அந்த நற்செய்தி நிகழ்ச்சியைச் சற்று உற்றுநோக்குவோம். அப்பெண் ஆடையைத் தொட்டவுடனே குணமடைந்துவிட்டாள். நோய் தீர்ந்துவிட்டது, ஓசையின்றி வீடு திரும்பியிருக்கலாம். ஆண்டவர்தான் நின்று, தம்மைத் தொட்டவர் யார் என்று வினவுகிறார். அப்போது அவர் தொழுகைக்கூடத் தலைவர் ஒருவருடைய வீட்டுக்கு விரைந்துகொண்டிருக்கிறார். அங்கே ஒரு சிறுமி சாகும் தறுவாயில் இருக்கிறாள். பெரிய மனிதரின் அவசரத்தை நிறுத்தி வைத்துவிட்டு, பெயர் தெரியாத ஒரு பெண் பேசும்வரை அவர் காத்திருக்கிறார். அவள் அஞ்சி நடுங்கியபடியே உண்மை முழுவதையும் சொன்னாள் என்கிறார் மாற்கு. அந்த உண்மையில் என்னென்ன இருந்திருக்கும்? பல மருத்துவரிடம் துன்புற்று உடைமை எல்லாம் இழந்தும் பயன் காணவில்லை என்ற செய்தியும் அதே பகுதியில் வருகிறது. அவள் வாயிலிருந்து வராமல் வேறு எங்கிருந்து அது நற்செய்தியாளரை எட்டியிருக்கும் என்று நாம் நினைப்பதுண்டு. அவள் பேசி முடித்ததும் ஆண்டவர், பாவங்களை மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அங்கே மன்னிப்புக்கு வேலையே இல்லை. மகளே என்று அழைத்து, அவள் நம்பிக்கையே அவளை நலமாக்கியது என்கிறார். தீட்டு எனச் சொல்லப்பட்ட நோயை ஊர் நடுவே வாய்விட்டுச் சொன்ன பெண்ணுக்குக் கிடைத்த முதல் மறுமொழி, ஓர் உறவுப் பெயர்.

தமிழ்க் கத்தோலிக்கராகிய நாம் இப்பொருளைப் பேசும்போது பாமாவைக் கடந்து செல்ல இயலாது. விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில் 1958இல் பிறந்தவர், தலித் கிறித்தவர், ஆசிரியர். ஏழைப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்யும் வேட்கையோடு துறவு மடம் புகுந்து, ஏழாண்டுகளில், 1992இல், வெளியேறினார். தாம் தேடி வந்த ஏழைகள் மடத்தின் பள்ளிகளில் எங்கே நிறுத்தப்பட்டனர் என்பதைக் கண்டதே அவ்வெளியேற்றத்தின் காரணம். கையில் வேலையில்லை, ஒண்ட நிழலில்லை. அந்நிலையில் தம் வாழ்வை எழுதிப் பார்த்தார். அதே 1992இல் மதுரையில் சேசு சபையினரின் சமுதாய ஆய்வு மையமாகிய ஐடியாஸ் வழி 'கருக்கு' வெளிவந்தது. இதை நம் வாசகர் சிலர் மறந்திருக்கக்கூடும். திருச்சபையைக் கேள்வி கேட்ட அந்நூலை அச்சிட்டதும் திருச்சபையின் ஒரு கரமே. அந்த மையத்தின் துணிவைப் பாராட்டியே ஆகவேண்டும்.

கருக்கு என்பது பனைமட்டையின் இருபுறமும் உள்ள அரம்போன்ற விளிம்பு. மரக்காணத்துப் பக்கம் பனை மிகுதி; மட்டை கிழித்த கையை உப்புநீரில் நனைத்தவருக்கு அத்தலைப்பை விளக்க வேண்டியதில்லை. எபிரேயர் திருமுகத்தில் இறைவார்த்தைக்கு ஒப்பாகச் சொல்லப்படும் இருபுறமும் கூரான வாளை நூலாசிரியரே நினைவூட்டுகிறார். நூல் வந்தபோது அதன் மொழி பலரை முகம் சுளிக்க வைத்தது. ஊர்ப் பேச்சை அப்படியே எழுதிவிட்டார், இது இலக்கியமா என்றனர். அதைவிடக் கடுமையானது சொந்த ஊரின் சினம். நம் மானத்தைச் சந்திக்கு இழுத்துவிட்டாள் என்று ஊராரே கொதித்தனர். சில மாதங்கள் அவர் ஊருக்குள் செல்லவே இயலவில்லை. பின்னர் இளைஞர்கள் படித்துக் காட்ட, கேட்டவர்கள் மனம் மாறினர். 2000ஆம் ஆண்டில் லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. கிராஸ்வேர்டு விருதும் கிடைத்தது. இன்று கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது.

நம் கருத்தை ஈர்ப்பது அவர் அடுத்து எழுதியது. 1994இல் வந்த 'சங்கதி'யில் கதைத்தலைவி என்று ஒருவர் இல்லை. பாட்டியும் அத்தையும் அக்காளும் வயலிலும் வாசலிலும் பேசும் பேச்சே நூல். முதல் நூலில் "நான்" என்று தம் காயத்தைத் திறந்தவர், இரண்டாம் நூலில் ஒரு தெருவின் பெண்கள் அனைவரையும் பேசவிட்டு, தாம் நடுவில் அமர்ந்து கேட்கிறார். அவர்கள் அடி வாங்குகிறார்கள். அடித்தவனைத் தெருவே கேட்க ஏசவும் செய்கிறார்கள். வேலைக்கு நடுவே பாட்டுக் கட்டிச் சிரிக்கிறார்கள். முதல் நூல் இல்லாமல் இரண்டாவது பிறந்திருக்காது என்பதே நம் துணிபு. தன் கதையைத் தயங்காமல் சொல்லி முடித்தவருக்கே பிறர் கதை காதில் விழுகிறது.

இதே வழியை வேறொரு முனையிலிருந்து கண்டவர் மேல்நாட்டிலும் உண்டு. 1960களின் இறுதியில் அமெரிக்கப் பெண்கள் சிறு சிறு குழுக்களாக வீடுகளில் கூடித் தம் அனுபவங்களைப் பகிர்ந்தபோது, இது வெறும் மனநோய்ச் சிகிச்சை என்று தோழர்களே எள்ளினர். கரோல் ஹானிஷ் என்பவர் 1969இல் அதற்கு மறுமொழி எழுதினார். சிகிச்சை என்றால் நோய் நம்மிடம் இருப்பதாகப் பொருள். நோய் நம்மிடம் இல்லை என்பதே அவர் வாதத்தின் சாரம். பாவம் என்ற சொல்லின் இடத்தில் அவர்கள் நாட்டில் நோய் என்ற சொல் நின்றது; அவ்வளவே வேறுபாடு.

கதை செயலாக மாறிய வரலாறு நமக்கு இன்னும் அருகில் இருக்கிறது. ஆந்திரத்து நெல்லூர் மாவட்டத்தில் முழு எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, முதியோர் பாடநூலில் ஒரு கதை வைத்தனர். கணவனின் சாராயத்தால் சீரழிந்த சீதம்மா என்ற பெண்ணின் கதை. துபகுண்டா என்னும் ஊரில் அதைப் படித்த பெண்கள், இது நம் ஊர்க் கதை அல்லவா, யார் சொல்லிக் கொடுத்தது என்று வியந்தனராம். பிறகு திரண்டு சென்று சாராயக் கடையை மூடவைத்தனர். அவர்கள் செய்தது அடுத்த பாடநூலில் ஒரு பாடமாயிற்று. அதைப் படித்த பிற ஊர்ப் பெண்கள் தங்கள் ஊரில் எழுந்தனர். 1992இல் நெல்லூரில் மூண்ட அத்தீ மாநிலமெங்கும் பரவி, 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தைத் தடைசெய்தது. 1995இல் முழு மதுவிலக்கே வந்தது. 1997இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. வெற்றி நிலைக்கவில்லை. ஆயினும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த சில மாதங்களுக்குள் ஒரு பெண் தன் கதையை அச்சில் கண்டு, அதன் முடிவை மாற்றி எழுத முயன்றாள் என்பதை எந்த அரசாணையும் அழிக்க முடியாது.

மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் 2023 மே மாதம் நச்சுச் சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். துபகுண்டாவை அப்போது நினைத்துக்கொண்டோம். செய்தியாளர்கள் வந்தனர், அமைச்சர்கள் வந்தனர், மாண்டவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் என அரசு அறிவித்தது. கணவனை இழந்த பெண்களின் கதறல் நாடெங்கும் வீட்டுத் திரைகளில் ஒலித்தது. ஒப்பாரிக்கு இடமளித்த பழைய வழக்கமே வேறு வடிவில் தொடர்ந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. பிணம் வீட்டில் இருக்கும்வரை பெண்ணின் குரலுக்கு நேரம் ஒதுக்கப்பட்டது. பல்லாண்டுகளாக அவ்வீடுகளில் சாராயம் செய்த வேலையைப் பற்றி அமர்ந்து கேட்டுப் பின்வரிசைக் கேள்வி ஒன்றைக் கேட்க அங்கே எவருக்கும் பொழுதில்லை.

இங்கே ஒரு தடையை நம் வாசகர் எழுப்புவர். நாமும் நமக்குள் எழுப்பியதுண்டு. பொறுமையும் மௌனமும் நம் புண்ணியங்கள் அல்லவா? அன்னை மரியா எல்லாவற்றையும் உள்ளத்தில் இருத்திச் சிந்தித்தார் என்று லூக்கா எழுதுகிறாரே? எழுதுகிறார்தான். அதே லூக்கா, அதற்கு முந்திய அதிகாரத்தில், அதே மரியாவைப் பாடவும் வைத்திருக்கிறார். எலிசபெத்தின் வீட்டில், ஒரு பெண்ணின் செவிமுன், தம் தாழ்நிலையில் தொடங்கிய அந்தப் பாடல், சில அடிகளுக்குள் வலியோர் அரியணை இழப்பதையும் பசித்தோர் நிறைவுறுவதையும் சென்றடைகிறது. நாள்தோறும் மாலை மன்றாட்டில் திருச்சபை பாடும் பாடல் அது. மௌனத்திற்கு மரியாவைச் சான்று காட்டுவோர் அந்த வீட்டிற்கும் ஒருமுறை போய்வர வேண்டும்.

மற்றொரு தடைக்கு இவ்வளவு எளிதாக மறுமொழி சொல்ல நம்மால் இயலாது. கதையைச் சொன்னபின் அது யாருடையது?

பந்தலில் கூடிய பெண்கள் அடுத்த வாரமே மேஸ்திரியிடம் சேர்ந்து சென்றனர். நிறைமாதப் பெண்களுக்குத் தலைச்சுமை வேண்டாம், வேறு வேலை தருக என்பது ஒன்று. வேலையினிடையே உடல்நலம் குன்றியவருக்குக் கூலியைப் பாதியாக வெட்டலாகாது என்பது மற்றொன்று. முதலாவது கிடைத்தது. இரண்டாவது இன்றுவரை கிடைக்கவில்லை. இச்செய்தி நம்மை மிகவும் மகிழ்வித்தது. மகிழ்ச்சி மிகுதியால், நகரத்தில் நடந்த ஒரு கருத்தரங்கில் அந்த அம்மாளின் கதையை உரைத்தோம். ஊரைச் சொன்னோம், பெயரைச் சொல்லவில்லை, ஆனால் அந்த ஊரில் அக்கதைக்கு உரியவர் ஒருவர்தாம். கேட்டோர் கண்ணீர் மல்கினர், நம்மைப் பாராட்டினர். நம் உரை சிறு நூலாகவும் அச்சாயிற்று. அந்நூல் எவ்வாறோ ஊருக்குத் திரும்பிச் சென்றது. அடுத்த பருவத்தில் அந்த அம்மாளுக்கு வேலை கொடுக்க அந்தப் பாத்தியில் ஆளில்லை. அவர் நம்மிடம் வந்து முறையிடவில்லை. கூட்டத்திற்கு வருவதை நிறுத்திவிட்டார்.

"நாம்" என்று எழுதுவது இப்பக்கங்களின் மரபு. இந்த ஒரு பத்தியை எழுதும்போது அம்மரபு எவ்வளவு வசதியானது என்பதை உணர்ந்தோம். அவருடைய துன்பம் அவர் பாவமாகச் சொல்லப்பட்டது தவறு என்று கண்டுகொண்ட நாம்தாம், நம்முடைய பாவத்தை அவர் துன்பமாக்கி வைத்தோம். இதற்கு ஒப்புரவுத் தொட்டியே சரியான இடம், அங்கேயும் சென்றோம். குருவானவர் கேட்ட கேள்வி சுருக்கமானது: "அவரிடம் போனீர்களா?"

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2010இல் பாலினச் சமத்துவக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. 2021 முதல் 2024 வரை நடைபெற்ற உலக ஆயர் மாமன்றத்தின் பாதை முழுவதும் செவிமடுத்தல் என்னும் சொல் ஒலித்தது. நல்ல சொல். நம் பங்குகளிலும் அன்பியங்களிலும் வினாத்தாள்கள் கொடுத்துக் கருத்துக் கேட்டனர். ஆனால் கேட்டதைத் தொகுத்து மேலே அனுப்பியபின், சொன்னவரிடம் திரும்பிச் சென்று, நீர் சொன்னதை இவ்வாறு எழுதினோம், சரிதானா என்று வினவியவர் எத்தனை பேர்? சமாரியப் பெண்ணின் சொல்லைக் கேட்டு ஊரார் ஆண்டவரிடம் சென்றதும், இனி உன் பேச்சை வைத்து நம்பவில்லை, நாங்களே கேட்டறிந்தோம் என்று அவளிடமே சொல்வதாக யோவான் எழுதுகிறார். அவளிடம் திரும்பி வந்து சொன்னார்களே என்பதற்காகவாவது அந்த ஊராரை மதிக்கலாம்.

பாதிக்கப்பட்டவர் என்ற பெயரும் ஒரு கூடைதான். பாவி என்ற கூடையை இறக்கிவைத்த தலையில் உடனே அதை ஏற்றிவிடுகிறோம். கூட்டங்களில் அதே கதையை அதே கண்ணீரோடு திரும்பத் திரும்பச் சொல்லுமாறு அழைக்கப்படும் பெண்களை நாம் அறிவோம். அவர்களுக்குச் சமைக்கத் தெரியும், பாடத் தெரியும், ஊர் வழக்குத் தீர்க்கத் தெரியும். அதையெல்லாம் கேட்க எந்த மேடையும் இல்லை. வீரம்மாவின் சிரிப்பையும் 'சங்கதி'யின் பாட்டையும் நாம் மேலே குறித்தது இதற்காகவே.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அந்த அம்மாளைத் தேடிச் சென்றோம். வேறொருவரின் பாத்தியில் இப்போது வேலை செய்கிறார். காலை வேலை முடிந்து, குவியலின் நிழலில் சோற்றுத்தூக்கைத் திறந்துகொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டோம். "சரி, வுடுங்க" என்றார். அது மன்னித்ததா, பேச்சை மாற்றியதா என்பது இன்னும் நமக்குத் தெளிவாகவில்லை. எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார். ஊரும் பெயரும் இல்லாதபடி எழுதியிருந்ததைக் கேட்டு, இப்படியே வரட்டும் என்றார். பிறகு மூன்று திருத்தம் சொன்னார்.

பந்தலில் அவர் அழுதுகொண்டே பேசியதாக முதலில் எழுதியிருந்தோம். "நான் அழுவல டீச்சர். நீங்கதான் அழுதீங்க" என்றார். அடித்துவிட்டோம். அரை நாள் கூலி என்பது சரி. ஆனால் அந்த அரை நாள் கூலியும் அந்தச் சனிக்கிழமை வரவில்லை, அடுத்த வாரம்தான் வந்தது. அதையும் போட வேண்டும் என்றார். மூன்றாவது, நாம் எல்லா இடத்திலும் பிள்ளை என்றே எழுதியிருந்தோம்.

"பொம்பளப் புள்ள டீச்சர். அதயும் போடுங்க."